தண்ணி உப்பா இருக்குன்னு ஹெலிகாப்டரைக் கூப்பிட்டா என்ன ஆகும்? அமெரிக்கத் தேசியப் பூங்கா ரேஞ்சர்களின் கதை

2009 செப்டம்பர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா. இரண்டு அப்பாக்கள், டீன் ஏஜ் மகன்கள் இருவர் என நான்கு பேர், ஆள் நடமாட்டம் குறைவான ஒரு கஷ்டமான பாதையில் ட்ரெக்கிங் போகிறார்கள். செல்போன் சிக்னல் கிடையாது. கையில் ஒரு சாட்டிலைட் பீக்கன் மட்டும் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் போதும், எங்கே இருக்கிறீர்கள் என்பது மீட்புக் குழுவுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நாள் மாலை பட்டன் அழுத்தப்பட்டது. மறுநாள் காலை ஹெலிகாப்டர் அவர்களைத் தேடிப் பிடித்தது. தண்ணீர் தீர்ந்த பயத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் ஒரு ஓடை கிடைத்துவிட்டதாம். அதனால் ‘வரவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே மறுபடியும் சிக்னல். இருட்டில் பார்க்கும் கருவிகளோடு இன்னொரு ஹெலிகாப்டர் பறந்தது. இந்த முறை பிரச்சினை என்ன தெரியுமா? கிடைத்த தண்ணீர் உப்பாக இருக்கிறது, உடம்பில் நீர்ச்சத்து போய்விடுமோ என்று பயம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் அந்த இரவில் அவர்களை ஏற்றிச் செல்லவில்லை. அடுத்த நாள் காலை மூன்றாவது சிக்னல்.

இந்த முறை வந்தவர்கள் விருப்பம் கேட்கவில்லை. நால்வரையும் ஏற்றிக்கொண்டு மேலே கொண்டுவந்தார்கள். கையோடு குழுத் தலைவர் மீது ஒரு வழக்கும் பதிவானது. குற்றம்: ஆபத்தான சூழலை உருவாக்கியது.

காப்பாற்றியதும் பூங்கா நிர்வாகம்தான். கேஸ் போட்டதும் அதே நிர்வாகம்தான். 108-ஐக் கூப்பிட்டால் வருபவரே எஃப்.ஐ.ஆரும் போட்டுவிட்டுப் போவதைக் கற்பனை செய்ய முடிகிறதா? அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அதுதான் தினசரி நடைமுறை. அகன்ற விளிம்புத் தொப்பி, சாம்பல் நிறச் சட்டை, பச்சை பேன்ட் போட்ட அந்த ரேஞ்சர்கள் யார்? அவர்களுக்கு எங்கிருந்து இவ்வளவு அதிகாரம் வந்தது?

எல்லா ரேஞ்சரும் துப்பாக்கி வைத்திருப்பார்களா?

இல்லை. நம்ம ஊரில் ‘ரேஞ்சர்’ என்றால் வனச்சரகர். ஒரு சரகத்துக்கு ஒருவர், வனத்துறை அதிகாரி. அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. அங்கே தேசியப் பூங்காச் சேவை என்ற மத்திய அரசுத் துறையில் பல வகை ரேஞ்சர்கள் உண்டு. பள்ளிக் குழந்தைகளுக்குப் பாறைகளைப் பற்றிக் கதை சொல்பவரும் ரேஞ்சர்தான், இடுப்பில் துப்பாக்கியும் விலங்கும் வைத்திருப்பவரும் ரேஞ்சர்தான். சீருடை கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் பெல்ட்டிலும் பேட்ஜிலும்தான். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினரைப் பற்றியது. சட்ட அமலாக்க ரேஞ்சர்கள் என்று அவர்களைச் சொல்கிறார்கள்.

ஆரம்பத்தில் இந்தப் பிரிவினையே இல்லை. உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872-ல் அறிவிக்கப்பட்டது. அறிவித்தார்களே தவிர, பாதுகாக்க ஆள் இல்லை. 1880-ல் ஹாரி யவுன்ட் என்ற வேட்டைக்காரரைக் காவலுக்கு வைத்தார்கள். அவரும் இவ்வளவு பெரிய காட்டை ஒரு ஆளால் பார்த்துக்கொள்ள முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். பிறகு 1886-ல் ராணுவமே வந்தது. குதிரைப் படை வீரர்கள்தான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக யெல்லோஸ்டோனில் கள்ள வேட்டைக்காரர்களைப் பிடித்தார்கள். 1916-ல் தேசியப் பூங்காச் சேவை உருவான பிறகே ராணுவம் படிப்படியாக விலகியது.

பூங்காவுக்குள்ளேயே ஜெயில், கோர்ட்

சாதாரணமாக அமெரிக்காவில் ஒரு குற்றம் நடந்தால் உள்ளூர் போலீஸோ கவுண்டி ஷெரிஃபோ வருவார். ஆனால் சில தேசியப் பூங்காக்கள் முழுக்க முழுக்க மத்திய அரசின் அதிகார எல்லைக்குள் வருகின்றன. யெல்லோஸ்டோன், யோசெமிட்டி இரண்டும் அப்படித்தான். உள்ளே திருட்டு நடந்தாலும், குடித்துவிட்டு வண்டி ஓட்டினாலும், கொலையே நடந்தாலும் முதலில் வருபவர் ரேஞ்சர். சிக்கலான வழக்குகளுக்கு இந்தத் துறைக்கென்றே தனிப் புலனாய்வுப் பிரிவும் இருக்கிறது.

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அருவி, புல்வெளி, ஹோட்டல் எல்லாம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கேயே ஒரு ஜெயிலும் மத்திய அரசின் நீதிமன்றமும் இருப்பது பலருக்குத் தெரியாது. செல்ஃபி எடுக்கப் போன இடத்திலேயே நீதிபதி முன்னால் நிற்க வேண்டிவரலாம். பூங்கா விதிகளை மீறினால் அதிகபட்சம் ஆறு மாதம் சிறை, 5,000 டாலர் வரை அபராதம்.

2023-ல் யெல்லோஸ்டோனில் நடந்தது நல்ல உதாரணம். கூட்டத்தைவிட்டுப் பிரிந்து ஆற்றங்கரையில் தவித்த காட்டெருமைக் குட்டியை ஒரு சுற்றுலாப் பயணி கையால் தள்ளி மேலே ஏற்றிவிட்டார். உதவத்தான் செய்தார். ஆனால் மனிதக் கை பட்ட குட்டியை மந்தை திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரேஞ்சர்கள் பலமுறை சேர்த்துவைக்க முயன்றும் பலனில்லை. குட்டி சாலைக்கு வந்து வாகனங்களை மறிக்க ஆரம்பித்தது. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். நல்ல எண்ணத்தில் உதவியவருக்கு 500 டாலர் அபராதம், வனவிலங்குப் பாதுகாப்பு நிதிக்கு இன்னொரு 500 டாலர்.

சான் ஹோசே, சன்னிவேல் பக்கம் வேலை பார்க்கும் நம்மூர் ஐ.டி. ஆட்களுக்கு யோசெமிட்டி என்பது வீக்எண்ட் ட்ரிப். அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. யோசெமிட்டிக்குள் அது குற்றம். காரணம், பூங்கா வாசலைத் தாண்டியதும் செல்லுபடியாவது மத்திய அரசின் சட்டம். விசாவில் இருப்பவருக்கு இது வெறும் அபராதத்தோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. ட்ரோனும் அப்படித்தான், 2014 முதல் தேசியப் பூங்காக்களில் பறக்கவிடத் தடை.

கொலை செய்தாலும் தண்டிக்க முடியாத இடமா?

அதிகார எல்லை விஷயத்தில் ஒரு விநோதம் உண்டு. யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது. கொஞ்சம் மொன்டானாவிலும், சின்னத் துண்டு ஒன்று ஐடஹோவிலும் நீள்கிறது. ஆனால் மொத்தப் பூங்காவும் வயோமிங் மாவட்ட மத்திய நீதிமன்றத்தின் கீழ் வருகிறது.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6-வது திருத்தமோ, குற்றம் நடந்த மாநிலத்தையும் அதே நீதிமன்ற மாவட்டத்தையும் சேர்ந்தவர்களே ஜூரியாக இருக்க வேண்டும் என்கிறது. ஐடஹோ துண்டில் குற்றம் நடந்தால் ஜூரி ஐடஹோவிலும் இருக்க வேண்டும், வயோமிங் மாவட்டத்திலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான இடம் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு மட்டும்தான். அங்கே மனிதர்கள் யாரும் வசிக்கவில்லை. ஆக, ஜூரியும் இல்லை, விசாரணையும் இல்லை!

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிரையன் கால்ட் 2005-ல் இதைக் கண்டுபிடித்து எழுதினார். ‘மரண மண்டலம்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. அங்கே யாரும் யாரையும் கொன்றதில்லை. ஆனால் மொன்டானா பகுதியில் எல்க் மானைச் சுட்ட ஒருவர் கிட்டத்தட்ட இதே வாதத்தை நீதிமன்றத்தில் வைத்துப் பார்த்தார். நீதிபதி ஏற்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்ட உடன்பாட்டில், இந்தக் கேள்வியை மேல்முறையீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. ஓட்டையை அடைக்க வேண்டிய நாடாளுமன்றம் இன்னும் அடைக்கவில்லை. நாவல் எழுதுபவர்களுக்குத்தான் லாபம்.

ஒரு புல்வெளிக் கலவரம் மாற்றிய சட்டம்

ரேஞ்சர்கள் முறையான போலீஸ் ஆனதற்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. 1970 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். யோசெமிட்டியின் ஸ்டோன்மன் புல்வெளியில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கூடியிருந்தார்கள். வியட்நாம் போர் எதிர்ப்பு, ஹிப்பி கலாசாரம் எல்லாம் உச்சத்தில் இருந்த காலம். மாலையில் புல்வெளியைக் காலி செய்யச் சொன்னார்கள். கூட்டம் நகரவில்லை. குதிரைகளில் வந்த ரேஞ்சர்கள் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். கல்லும் பாட்டிலும் பறந்தன. ரேஞ்சர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து போலீஸ் வந்த பிறகே நிலைமை அடங்கியது. 100-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

கூட்டத்தை எப்படிக் கையாள்வது என்று அந்த ரேஞ்சர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கரடியையும் காட்டுத் தீயையும் சமாளிக்கத் தெரிந்தவர்கள், கோபமான இருபது வயதுக்காரர்கள் முன்னால் தடுமாறிப்போனார்கள். அதன் பிறகுதான் பயிற்சி தீவிரமானது. 1976-ல் வந்த சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட ரேஞ்சர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கவும், கைது செய்யவும், வாரன்ட் நிறைவேற்றவும், குற்றங்களை விசாரிக்கவும் தெளிவான அதிகாரம் கொடுத்தது. இன்று அவர்கள் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மத்தியச் சட்ட அமலாக்கப் பயிற்சி மையத்தில் மற்ற மத்திய அரசு அதிகாரிகளைப் போலவே பயிற்சி எடுக்கிறார்கள். பிறகு வேறொரு பூங்காவில் சீனியர் ரேஞ்சரோடு களப் பயிற்சி.

ஒரே பூங்கா, ஒரே ஆண்டு, இரண்டு மரணங்கள்

இந்த வேலையின் இரண்டு முகங்களையும் 2012-ல் வாஷிங்டன் மாநிலத்தின் மவுன்ட் ரெய்னியர் பூங்கா பார்த்தது. 4,392 மீட்டர் உயர எரிமலை அது. உச்சியில் எப்போதும் பனி.

ஜனவரி 1, புத்தாண்டு. பனிக்காலத்தில் மலைச் சாலையில் ஏறும் வண்டிகளுக்கு டயரில் சங்கிலி கட்டியிருக்கிறதா என்று ஒரு செக்போஸ்ட்டில் பார்ப்பார்கள். ஒரு கார் நிற்காமல் போனது. ஒரு ரேஞ்சர் பின்னாலேயே துரத்தினார். மேலே, பாரடைஸ் என்ற சுற்றுலா மையத்துக்குக் கொஞ்சம் கீழே, மார்கரெட் ஆண்டர்சன் என்ற ரேஞ்சர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திச் சாலையை மறித்தார். காரில் வந்தவன் அதற்கு முன்பே சியாட்டில் அருகே ஒரு புத்தாண்டு பார்ட்டியில் துப்பாக்கிச் சூடு நடத்தியதாகத் தேடப்பட்டவன். ஈராக் போரில் பணியாற்றிய முன்னாள் ராணுவ வீரன். ஆண்டர்சன் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் சுட்டான்.

அவருக்கு வயது 34. இரண்டு சின்னக் குழந்தைகளின் அம்மா. கணவரும் அதே பூங்காவில் ரேஞ்சர். அன்று அவரும் டியூட்டியில் இருந்தார். சுட்டவன் காட்டுக்குள்ளிருந்து தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்ததால் சக ஊழியர்கள் நெடுநேரம் அவரை நெருங்கவே முடியவில்லை. மேலே சுற்றுலா மையத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இரவைக் கழித்தார்கள். அந்த ஆள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யோசிக்கவே பயமாக இருக்கிறது. அவனை மேலே போகவிடாமல் தடுத்தது சாலையின் குறுக்கே நின்ற அந்த ஒரு வண்டி. மறுநாள் ஓடை ஒன்றில், பனியில், அவன் உடல் கிடைத்தது.

தேசியப் பூங்காக்களுக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கொண்டுபோகலாம் என்ற சட்டம் அமலுக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் அவன் வந்திருப்பான் என்றது ஒரு தரப்பு. விவாதம் முடியவில்லை.

அதே ஆண்டு ஜூன் 21. ரெய்னியரின் எம்மன்ஸ் பனிப்பாறையில் டெக்சாஸிலிருந்து வந்த நான்கு மலையேறிகள் சறுக்கி, அவர்களில் இருவர் பனிப் பிளவுக்குள் விழுந்தார்கள். நிக் ஹால் என்ற மலையேற்ற ரேஞ்சர் உட்பட ஒரு குழு மேலே போனது. ராணுவத்தின் சினூக் ஹெலிகாப்டர் காயம்பட்டவர்களைத் தூக்கத் தயாரானது. அவர்களை ஏற்றிவிடும் வேலையில் இருந்தபோது ஹால் சறுக்கினார். 2,000 அடிக்கும் மேல் கீழே போய்விட்டார். அவர் காப்பாற்றப் போன நான்கு பேரும் உயிர் பிழைத்தார்கள். அவர் உடலை உடனே கீழே கொண்டுவரக்கூட வானிலை விடவில்லை.

ஆறே மாதத்தில் ஒரே பூங்கா இரண்டு பேரை இழந்தது. ஒருவர் துப்பாக்கிக்கு, ஒருவர் மலைக்கு.

பாறையில் தொங்குபவரை எப்படி இறக்குவது?

மீட்புப் பணியில் உலகமே திரும்பிப் பார்க்கும் அணி யோசெமிட்டியில் இருக்கிறது. அங்கே எல் கேப்பிடன் என்ற ஒற்றைப் பாறை, தரையிலிருந்து சுமார் 900 மீட்டர் செங்குத்தாக எழுகிறது. ஏறுபவர்கள் பல நாட்கள் பாறையிலேயே படுக்கை கட்டித் தூங்குவார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் முறிந்தால்?

இரண்டு வழி உண்டு. உச்சிக்குப் போய் அங்கிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் கயிற்றில் ஒருவரை இறக்கலாம். அல்லது ஹெலிகாப்டருக்குக் கீழே நீளமான கயிற்றில் ஒரு ரேஞ்சரைத் தொங்கவிட்டு, பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். இறக்கை பாறையில் உரசிவிடக் கூடாது என்பதால் ஹெலிகாப்டர் தள்ளியே நிற்கும். பாறையில் இருப்பவரிடம் எடை கட்டிய பையை வீசி, அந்தக் கயிற்றைப் பிடித்து ரேஞ்சரை உள்ளே இழுக்கச் சொல்வார்கள். காற்று ஒரு முறை பலமாக அடித்தால் கதை மாறிவிடும்.

இந்த அணியில் எல்லோரும் அரசு ஊழியர்கள் இல்லை. ‘கேம்ப் 4’ என்ற முகாமில் சீசன் முழுக்கத் தங்கி ஏறும் மலையேறிகளில் திறமையானவர்களுக்கு இலவசமாக இடம் தருகிறார்கள். அழைப்பு வந்தால் உடனே ஓட வேண்டும். வேலை செய்த நேரத்துக்குச் சம்பளம். ஒரு காலத்தில் இந்த மலையேறிகளும் ரேஞ்சர்களும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள் என்பதை நினைத்தால், இது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பில் யார் கட்டுவது? தேடுவதற்கும் மீட்பதற்கும் தேசியப் பூங்காச் சேவை பொதுவாகக் காசு கேட்பதில்லை. காசு கேட்டால் மக்கள் பயந்து தாமதமாகக் கூப்பிடுவார்கள், அது இன்னும் ஆபத்து என்பது மீட்புத் துறையில் பலர் சொல்லும் வாதம். ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் தனியார் ஏர் ஆம்புலன்ஸ் பில் உங்கள் தலையில்தான். அமெரிக்க மருத்துவ பில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் கொல்லுமா?

ரேஞ்சர்களின் பணியில் எல்லாமே வீரக் கதை இல்லை. எல் கேப்பிடன் உச்சியிலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ‘பேஸ் ஜம்பிங்’ அங்கே சட்டவிரோதம். 1999 ஜூனில் ஃபிராங்க் கம்பாலி என்பவர் குதித்து, பத்திரமாகத் தரையிறங்கினார். பிடிக்க ரேஞ்சர்கள் வந்தார்கள். ஓடினார். பனி உருகிப் பெருக்கெடுத்த மெர்செட் ஆற்றில் இறங்கினார். மூழ்கிப் போனார்.

குதித்ததால் சாகவில்லை, துரத்தியதால்தான் செத்தார் என்று ஜம்பர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு போராட்டக் குதிப்பு நடத்தினார்கள். குதிப்போம், கைதாவோம் என்பது ஏற்பாடு. கைது செய்தால் பாராசூட்டும் பறிமுதல் ஆகும் என்பதால் ஜேன் டேவிஸ் என்ற அனுபவசாலி தன்னுடையதை விட்டுவிட்டு இரவல் பாராசூட்டில் குதித்தார். அதில் இழுக்க வேண்டிய பிடி, அவர் பழகிய இடத்தில் இல்லை. பாராசூட் விரியவே இல்லை. கீழே கணவரும் பத்திரிகையாளர்களும் ரேஞ்சர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்கா நிர்வாகத்துக்கு இது தடையின் அவசியத்தைக் காட்டியது. ஜம்பர்களுக்கோ தடையால் வந்த மரணம். தடை இன்றும் நீடிக்கிறது. உள்ளதைச் சொன்னால், இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் குதிப்பவர் தவறினால் உடலை எடுக்கப் பாறைச் சரிவில் இறங்க வேண்டியவர் ரேஞ்சர்தான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட்

மறுபடியும் கிராண்ட் கேன்யன். இது வழக்கமான மலையேற்றத்துக்கு நேர் எதிர். முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். மேலே இதமாக இருக்கும், அடியில் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். காலையில் உற்சாகமாக இறங்குபவர் மதியம் திரும்பும்போது சுருண்டு விழுவார். 1996 கோடையில் வெயில் மரணங்களும் மீட்பு அழைப்புகளும் கூடிப்போக, அடுத்த ஆண்டே ‘முன்தடுப்பு மீட்பு’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள்.

வேலை ரொம்ப சிம்பிள். ரேஞ்சர்களும் தன்னார்வலர்களும் பாதையில் நின்றுகொண்டு இறங்குபவர்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். எங்கே போகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், சாப்பிட என்ன இருக்கிறது? பதில் சரியில்லை என்றால் இன்னும் கொஞ்ச தூரத்தில் திரும்பிவிடுங்கள் என்று நயமாகச் சொல்வார்கள். காலை 10 முதல் மாலை 4 மணி வரை வெயிலில் நடக்காதீர்கள் என்பது கோடைக்கால அறிவுரை. தண்ணீர் மட்டும் குடித்தாலும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய், வெறும் தண்ணீராக உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் குறையும். குழப்பம், வாந்தி, வலிப்பு வரை போகும். அதனால் இவர்கள் பையில் உப்புத் தின்பண்டங்களும் இருக்கும். நம்ம ஊர் நீர்மோருக்கு அங்கே நல்ல மார்க்கெட் இருந்திருக்கும்.

அந்தப் பேச்சில் வழக்கும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை. கைது பண்ணினால் கணக்கில் வரும். காப்பாற்றினால் செய்தியில் வரும். பாதியிலேயே திரும்பிப் போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆள் குறைகிறது, கூட்டம் கூடுகிறது

2024-ல் தேசியப் பூங்காச் சேவையின் இடங்களுக்கு வந்த வருகைகள் 33 கோடிக்கும் மேல். அதுவரை இல்லாத உச்சம். 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு சிக்கன நடவடிக்கையாகத் தகுதிகாண் நிலையில் இருந்த சுமார் 1,000 ஊழியர்களை ஒரே வீச்சில் நீக்கியது. யோசெமிட்டியின் ஒரே பூட்டுத் தொழிலாளியும் அதில் ஒருவர். ஒரு வாரம் கழித்து, எல் கேப்பிடன் பாறையில் அமெரிக்கக் கொடி தலைகீழாகத் தொங்கியது. கப்பல்களில் ‘ஆபத்தில் இருக்கிறோம்’ என்பதற்கான சிக்னல் அது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பலர் திரும்ப அழைக்கப்பட்டாலும், பணி ஓய்வுத் திட்டங்களில் போனவர்களும் நிறைய.

அதே ஆண்டு ஜூலையில் கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பில் காட்டுத் தீ பரவி, புகழ்பெற்ற பழைய லாட்ஜை எரித்தது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்திலும் தீப்பிடித்துக் குளோரின் வாயு கசிந்தது. குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தை நோக்கி இறங்கும். கீழே கேன்யனுக்குள் நடந்துகொண்டிருந்தவர்களை வெளியேற்றினார்கள்; கொலராடோ ஆற்றில் படகில் வந்தவர்களைக் குறிப்பிட்ட இடத்தில் கரையேறாமல் தாண்டிப் போகச் சொன்னார்கள். அந்தப் பகுதியில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. மெசேஜ் அனுப்பி எச்சரிக்க முடியாத இடத்தில், நேரில் போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.